மேல்துணி முடிந்த பிறகு: பெரிய கைத்தையல் கில்ட்டை முடிக்கும் வழி

காகித வார்ப்பின்மேல் துணியை மடித்து, அறுகோணம் அறுகோணமாகச் சேர்த்துத் தைத்த மேல்துணி ஒன்று பீரோவின் அடித்தட்டில் ஆண்டுக்கணக்கில் மடிந்து கிடப்பது, கில்ட் தைக்கும் பலருடைய வீட்டிலும் உள்ளதுதான். சோம்பல் இதற்குக் காரணமல்ல. துண்டு சேர்க்கும் வேலை மடியிலேயே நடக்கும். பேருந்தில் தைக்கலாம், பேசிக்கொண்டே தைக்கலாம். முடிக்கும் வேலைக்கோ ஒரு கூடத்துத் தரை முழுவதும் வேண்டும், அளவுக் கணக்கு வேண்டும், ஓரம், அடித்துணி, பஞ்சு, தையல் கோலம் என்று நான்கைந்து முடிவுகளை அடுத்தடுத்து எடுக்க வேண்டும். அது வேறு வேலை. அதைத் தனி வேலையாகவே திட்டமிட்டால்தான் கில்ட் கட்டிலுக்கு வந்து சேரும்.

கில்ட் என்பது மூன்று அடுக்கு: மேலே துண்டுகள் சேர்த்த மேல்துணி, நடுவில் பஞ்சுத் தாள், கீழே அடித்துணி. மூன்றையும் ஊடுருவிச் செல்லும் ஓட்டுத் தையல்தான் அவற்றை ஒன்றாக்குகிறது. இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே கில்ட்டை எடுத்துக்கொள்வோம். 1920களிலும் 30களிலும் அமெரிக்க வீடுகளில் பெரும் புகழ் பெற்ற 'பாட்டியின் பூந்தோட்டம்' கோலம். பக்கத்துக்கு 1 அங்குலம் உள்ள அறுகோணங்கள். சுற்றிலும் 5 அங்குல ஓரத்துணி. மொத்த அளவு 90 × 100 அங்குலம். ஐந்தடி அகலக் கட்டிலில் இருபுறமும் நன்றாகத் தொங்கும் அளவு இது.

முதலில் காகிதத்தில் கணக்கு

ஒரு அங்குலப் பக்கம் கொண்ட அறுகோணத்தின் பரப்பு சுமார் 2.6 சதுர அங்குலம். ஓரத்துணியைக் கழித்தால் நடுப்பகுதி 80 × 90, அதாவது 7,200 சதுர அங்குலம். அதில் சுமார் 2,770 அறுகோணங்கள் இருக்கும். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு என ஒரு பூவுக்கு 19 என்று பார்த்தால், பூக்களுக்கு இடையிலான பாதைத் துண்டுகளையும் சேர்த்து 146 பூக்களுக்குச் சமமான வேலை.

இந்தக் கோலத்துக்கு வழக்கமான தையல், ஒவ்வொரு அறுகோணத்துக்குள்ளும் ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளி ஒரு சுற்று. ஒரு சுற்று 4¼ அங்குலம். ஒரு பூவுக்கு 81 அங்குலம். மொத்தம் 300 மீட்டர் தையல். ஒரு பூவைத் தைத்து நேரம் பாருங்கள். இரண்டு மணி நேரம் ஆனால் நடுப்பகுதிக்கு மட்டும் 292 மணி நேரம். நாளுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பத்து மாதம். இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு தொடங்குபவர் நான்காம் மாதத்தில் மனம் தளர மாட்டார். தெரியாமல் தொடங்குபவர்தான் தளர்கிறார்.

பத்து மாதம் முடியாது என்றால் கோலத்தை மாற்றலாம். அறுகோண வரிசையின் நடுவே குறுக்காக ஒரே நேர்கோடு போட்டால், கோடுகளுக்கு இடையே 1½ அங்குலம், 60 கோடுகள், மொத்தம் 122 மீட்டர்தான். பாதிக்கும் குறைவு. ஆனால் ஒவ்வொரு கோடும் 1¾ அங்குலத்துக்கு ஒருமுறை இணைப்புத் தையலைக் கடக்கும். அந்த இடத்தில் மடிப்புத் துணி சேர்ந்து தடித்திருப்பதால் தையல்களை ஒன்றொன்றாகக் குத்தி எடுக்க வேண்டியிருக்கும். அறுகோணத்துக்குள் சுற்றும் கோலத்தில் இந்தத் தொல்லை குறைவு. கணக்கில் பாதியாகத் தெரியும் வேலை கையில் பாதியாக இராது என்பதை நினைவில் வையுங்கள். இரண்டிலும் ஒரு சாணளவு தைத்துப் பார்த்தபின் முடிவெடுப்பது நல்லது.

மேல்துணியைச் சோதித்தல்

மேல்துணியைப் பகல் வெளிச்சம் வரும் சன்னலுக்கு எதிரே இருவர் பிடித்துப் பாருங்கள். இணைப்புத் தையல் விட்ட இடங்களில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரியும். இப்போது அடைத்தால் ஒரு நிமிட வேலை. மூன்றடுக்காக்கிய பின் கண்டால் அரை மணி. பின்பக்கம் திருப்பி, கறுப்பு, அடர்சிவப்பு நூல் நுனிகள் வெள்ளைத் துண்டுகளுக்கு அடியில் ஓடினால் வெட்டி எடுங்கள். பஞ்சு வெண்மையாக இருப்பதால் அவை மேலே நிழலாகத் தெரியும். எப்போதும் தெரிந்துகொண்டே இருக்கும்.

ஆறு பக்கமும் அண்டைத் துண்டு வந்துவிட்ட அறுகோணங்களின் காகிதத்தை எடுத்துவிடலாம். விளிம்பில் இருப்பவற்றின் காகிதம் ஓரத்துணி சேரும்வரை உள்ளேயே இருக்கட்டும். அவற்றை எடுத்துவிட்டால் மடிப்பு விரிந்துகொள்ளும், கிராஸாக, அதாவது நெசவுக்குச் சாய்வாக வெட்டுப்பட்ட பக்கங்கள் இழுபடும்.

அடுத்தது சாயம். மதராஸ் செக்ஸ் துணி முற்காலத்தில் சாயம் போவதற்கே பெயர் பெற்றது; சுங்குடியும் கையச்சுத் துணியும் இன்றும் முதல் சில சலவைகளில் விடும். ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு அடர்நிறத் துண்டின் மேலும் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் பத்து எண்ணும்வரை அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துண்டை இப்போதே மாற்றுங்கள். ஒன்றிரண்டு அறுகோணத்தைப் பிரித்து மாற்றுவது, முடிந்த கில்ட்டில் சிவப்புக் கறையை வெளுக்கப் போராடுவதைவிட எவ்வளவோ எளிது.

ஓரம்: முதலிலேயே எடுக்க வேண்டிய முடிவு

புதியவர்கள் கடைசிக்குத் தள்ளும் முடிவு இது. அறுகோணங்களின் விளிம்பு பல்லுப்பல்லாக இருக்கும். அதன்மேலேயே ஓரப்பட்டி வைத்தால், 80 அங்குலம் உள்ள ஒரு பக்கத்தில் மட்டும் 46 வெளிமுனைகள், 45 உள்முனைகள். கிராஸ் பட்டியை ஒவ்வொரு முனையிலும் திருப்ப வேண்டும். அனுபவக் கைக்கே பல வாரம் எடுக்கும். பற்களை நேராக வெட்டித் தள்ளினால் பாடுபட்டுச் செய்த துண்டுகள் பாதியாகும். வெட்டிய விளிம்பும் நீண்டு நெளியும். முதல் பெரிய கில்ட்டுக்கு நேரான ஓரத்துணியின்மேல் பற்களை அப்ளிக் செய்வதே, அதாவது மேலே வைத்துத் தைப்பதே சரியான வழி.

ஓரத்துணிப் பட்டையை 6½ அங்குல அகலத்தில் வெட்டுங்கள். 5 அங்குலம் கண்ணுக்குத் தெரியும். பல்லின் ஆழம் ஒரு பக்கத்தில் அரை அங்குலமும் அடுத்த பக்கத்தில் ஏறத்தாழ முக்கால் அங்குலத்துக்கு மேலும் வரும். அதற்கும் கீழே கால் அங்குலம் பிடிப்பு வேண்டும். வெளிப்பக்கத் தையலுக்குக் கால் அங்குலம். நீளத்தை மேல்துணியின் விளிம்பில் அளக்காதீர்கள். கையாண்டு கையாண்டு விளிம்பு நீண்டிருக்கும். நடுவே ஓரிடத்திலும் இருபுறமும் ஓரடி உள்தள்ளியும் என மூன்று இடங்களில் அளந்து சராசரியை எடுங்கள். விளிம்பு அளவுக்குப் பட்டை வெட்டினால் முடிந்த கில்ட்டின் ஓரம் அப்பளம் போல அலையலையாக எழும். பின்னால் அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

பட்டைகளின் நடுவையும் மேல்துணியின் நடுவையும் பொருத்தி, முனைகளிலிருந்து உள்நோக்கிக் குண்டூசி குத்தி, துணியின் நிறத்து நூலால் நெருக்கமாக எம்மிங் போடுங்கள். அதன்பின் பின்பக்கத்திலிருந்து காகிதங்களை உருவி எடுத்து, அடியில் மிஞ்சும் துணியைக் கால் அங்குலம் விட்டு நறுக்குங்கள்.

அடித்துணியும் பஞ்சும்

அடித்துணி, பஞ்சு இரண்டும் மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். ஆக 98 × 108. தைக்கத் தைக்க மேல்துணி உள்ளே இழுபடும், அடித்துணி நகரும், தைக்கும்போது துணியைப் பிடித்து வைக்கும் வளையத்துக்கும் இடம் வேண்டும். அதனால்தான் இந்த மிச்சம்.

44 அங்குலப் பன்னா (அகலம்) உள்ள துணியில் கரையும் சுருக்கமும் போக 42 அங்குலம்தான் நிற்கும். துண்டுகளை நீளவாக்கில் வைத்தால் 108 அங்குலத்தில் மூன்று, அதாவது 8¼ மீட்டர். குறுக்காக வைத்தால் 98 அங்குலத்தில் மூன்று, 7½ மீட்டர். சுருக்கத்துக்குச் சேர்த்து 8 மீட்டர் வாங்கினால் போதும். 58 அங்குல அகலம் கிடைத்தால் குறுக்காக இரண்டே துண்டு, 5¼ மீட்டர். இணைக்கும்முன் இருபுறத்துக் கெட்டிக் கரையையும் வெட்டி எறியுங்கள். கரை மற்ற துணியைப்போல் சுருங்காது. முதல் சலவையில் இணைப்புக்கோடு சுருக்கிப் பிடிக்கும். அரை அங்குலப் பிடிப்போடு தைத்து, இஸ்திரியில் பிடிப்பை இருபுறமும் பிரித்து அழுத்துங்கள். ஒரே பக்கம் சாய்த்தால் ஊசி அங்கே நுழையச் சிரமப்படும்.

எந்தத் துணி? ஊசியை விரலிடுக்கில் பிடித்துக் குத்திப் பாருங்கள். சத்தமில்லாமல் நுழைய வேண்டும். கேம்ப்ரிக், மெல்லிய பாப்ளின், மென்மையான கைத்தறி நல்லவை. நெருக்கமாக நெய்த உயர்ரகப் படுக்கை விரிப்புத் துணியைத் தவிர்க்கவும். நூறாவது தையலில் விரல் வலிக்கத் தொடங்கும். சென்னிமலைப் போர்வை போன்ற தடித்த நெசவும் கைத்தையலுக்கு ஏற்றதல்ல. காடா துணி மலிவு, நுழைவதும் எளிது. ஆனால் நெசவுக் கஞ்சி போகவும் சுருங்கி அடங்கவும் வெந்நீரில் இரண்டு முறை அலசியே பயன்படுத்த வேண்டும்.

பஞ்சைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. மெத்தைக்கு அடைக்கும் இலவம் பஞ்சும் உதிரிப் பருத்தியும் கில்ட்டுக்கு ஆகாது. தாளாகப் பிடிப்பில்லாத இழை ஓரிரு சலவையில் மூலைக்கு ஒதுங்கிக் கட்டியாகும். தாளாகச் சுருளில் வரும் பருத்திப் பஞ்சோ, பருத்தி 80, பாலியெஸ்டர் 20 கலந்ததோ வாங்குங்கள். முழுப் பாலியெஸ்டர் தாள் இலேசானது, சீக்கிரம் காயும். ஆனால் அதன் மெல்லிழைகள் மேல்துணியின் இழைகளுக்கிடையே புகுந்து மீசை போல வெளிவரும், அடர்நிறத் துணியில் அசிங்கமாகத் தெரியும். உறையில் தையல்களுக்கு இடையே அதிகபட்சம் எத்தனை அங்குலம் விடலாம் என்று எழுதியிருக்கும். உங்கள் கோலம் அதைத் தாண்டக் கூடாது. நம் வெயிலுக்குக் கனமான பஞ்சே வேண்டியதில்லை. பழைய பருத்திச் சேலைகள் இரண்டை விரித்து நடுவில் வைத்தால் வங்காளக் காந்தா போல மெல்லிய, குளிர்ச்சியான போர்வை கிடைக்கும். ஊசியும் வெண்ணெயில் போல இறங்கும்.

பஞ்சுத் தாளை ஒட்டுப்போட வேண்டி வந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாதீர்கள், மேடு தெரியும். இரு விளிம்பையும் முட்டவைத்து, அகலமான குறுக்குத் தையலால் தளர்வாகப் பிணையுங்கள். சுருளைப் பிரித்து ஒரு இரவு விரித்து வைத்தால் மடிப்புகள் தாமாக அடங்கும்.

கோடு போடுதல்

கால் அங்குல உள்கோட்டுக்குக் குறியே வேண்டாம். கண்ணளவு போதும், முதல் இரண்டு பூவுக்குள் பழகிவிடும். வேண்டுமானால் கால் அங்குல அகலப் பேப்பர் டேப்பை விளிம்போடு ஒட்டி அதையொட்டித் தைக்கலாம். அன்றே எடுத்துவிட வேண்டும், பசை இறங்கிவிடும். ஓரத்துணியின் கோலத்துக்கு மட்டும் கோடு தேவை. நீரில் அழியும் நீலப் பேனாக் கோட்டின்மேல் இஸ்திரியோ வெந்நீரோ பட்டால் அது நிரந்தரமாகும் ஆபத்து உண்டு. சூட்டில் மறையும் பேனாக் கோடு குளிரில் திரும்பி வரும். இரண்டையும்விட, மழுங்கிய எலும்பு அல்லது பிளாஸ்டிக் முனையால் அழுத்திப் போடும் தடக்கோடு நல்லது, கறையே இல்லை. அது சில நாளில் மங்கும் என்பதால் அன்றன்று தைக்கும் இடத்துக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

தரையில் மூன்றடுக்கு

இறுதியில் தெரியும் குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நாளில்தான் உள்ளே புகுகின்றன. பின்பக்கச் சுருக்கம், நடுவில் உப்பல், கோணலான மூலை எல்லாம் இங்கே பிறந்தவை. அவசரம் வேண்டாம், துணைக்கு ஒருவரைக் கூப்பிடுங்கள்.

கூடத்தைக் காலிசெய்து துடைத்துக் காயவிடுங்கள். டைல்ஸ் தரை இருந்தால் அதுவே அளவுகோல். டைல்ஸின் இணைப்புக் கோடுகள் நேராகவும் செங்கோணமாகவும் ஓடும். அடித்துணியைப் பின்பக்கம் மேலே தெரிய விரித்து, அதன் இணைப்புக் கோட்டை டைல்ஸ் கோட்டோடு பொருத்துங்கள். நான்கு பக்கங்களின் நடுவை முதலில் டேப்பால் ஒட்டி, பிறகு மூலைகளை, பிறகு இடையில் ஓரடிக்கு ஒன்றாக ஒட்டுங்கள். சுருக்கம் நீங்கினால் போதும். விறைப்பாக இழுத்து ஒட்டினால், டேப்பை எடுத்ததும் துணி பழைய அளவுக்குச் சுருங்கும், மேல்துணி உப்பிக்கொள்ளும்.

பஞ்சை மேலே விரித்து, நடுவிலிருந்து வெளியே உள்ளங்கையால் தடவுங்கள். மேல்துணியை நான்காக மடித்து நடுப்புள்ளியில் வைத்துக் கால் பகுதி கால் பகுதியாக விரியுங்கள். ஓரத்துணியின் கோடு டைல்ஸ் கோட்டுக்கு இணையாக ஓடுகிறதா என்று நான்கு பக்கமும் பார்த்துவிட்டு, மூன்றடுக்கையும் தற்காலிகமாகப் பிணைக்கும் வேலையைத் தொடங்குங்கள்.

ஊக்கு குத்துவதா, நூல் ஓட்டுவதா? நான்கு அங்குலத்துக்கு ஒன்று என்றால் 550 ஊக்குகள் தேவைப்படும். இயந்திரத்தில் ஒரு வாரத்தில் தைத்து முடிப்பவருக்கு ஊக்கு சரி. பத்து மாதம் கையில் இருக்கப்போகும் கில்ட்டுக்கு அது ஆகாது. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் ஊக்கு துருப்பிடித்துத் துணியில் பழுப்புப் புள்ளி விடும், அந்தக் கறை போகாது. வளையத்திலும் ஊக்கு இடிக்கும். ஆகவே நூலோட்டம், அதாவது பின்னால் பிரித்துவிடும் நீளமான தையல். வெள்ளை நூல் மட்டும். நிற நூலின் சாயம் இறங்கலாம். நீண்ட ஊசியில் நடுவிலிருந்து ஒவ்வொரு விளிம்பு நோக்கியும் 2 அங்குலத் தையல், வரிக்கு வரி 4 அங்குலம், குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம். ஊசிமுனை தரையில் பட்டுத் திரும்பும்போது ஒரு கரண்டியின் விளிம்பால் அதைத் தூக்கிவிட்டால் விரல் தப்பும், அடுக்கும் நகராது. இருவருக்கு ஏறத்தாழ ஒரு முழுநாள் வேலை. முடித்ததும் அடித்துணியின் மிச்ச விளிம்பை மேலே மடித்துப் பஞ்சை மூடி ஓட்டிவிடுங்கள். மாதக்கணக்கில் பஞ்சு உதிராமல் இருக்கும்.

டேப்பை எடுத்துவிட்டு முழுவதையும் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பின்பக்கம் ஒரு மடிப்பு தெரிந்தாலும் அந்தப் பகுதி நூலோட்டத்தைப் பிரித்து மறுபடி செய்யுங்கள். தைக்கும்போது சரியாகிவிடும் என்று விட்ட மடிப்பு ஒருபோதும் சரியாவதில்லை.

கில்ட் தையல்

ஊசி, பிட்வீன்ஸ் எனப்படும் குட்டை வகை. எண் கூடக்கூட ஊசி சிறிதாகும். புதியவர்கள் 9இல் தொடங்கலாம், கை பழகினால் 10. நூல், கில்ட்டுக்கென்றே மெழுகு பூசிய பருத்தி நூல். 300 மீட்டர் தையலுக்கு முடிச்சும் மிச்சமும் சேர்த்து 500 மீட்டர் நூல் தேவைப்படும். ஒரே தடவையில் வாங்குங்கள், அடுத்த முறை அதே வெண்மை கிடைக்காது. ஒரு முறைக்கு 18 அங்குலம்தான் கோர்க்க வேண்டும். நீளமாகக் கோர்த்தால் ஒவ்வொரு துளையிலும் உராய்ந்து நடுவிலேயே இழைபிரியும். உட்காரும்முன் பத்து ஊசிகளில் நூல் கோர்த்து வைத்துக்கொண்டால் வேலை தடைப்படாது.

வளையம் 14 அல்லது 16 அங்குலம். துணியை மத்தளம் போல விறைப்பாக்காதீர்கள். உள்ளங்கையால் நடுவில் அழுத்தினால் சற்றுக் குழிய வேண்டும். விறைப்பாக இருந்தால் ஊசியைச் சாய்த்து ஆட்ட முடியாது, ஒவ்வொரு தையலாகக் குத்தும் நிலை வரும். புதியவர்கள் கை வராது என்று கைவிடும் இடங்களில் இதுவும் ஒன்று. குறை கையில் இல்லை, வளையத்தில் இருக்கிறது.

நூல்முனையில் சிறு முடிச்சுப் போட்டு, தொடங்கும் இடத்திலிருந்து ஒரு அங்குலம் தள்ளி மேல்துணியில் குத்தி, பஞ்சுக்குள்ளேயே ஓடவிட்டு, தொடங்கும் புள்ளியில் வெளியே எடுங்கள். இலேசாகச் சுண்டினால் முடிச்சு மேல்துணியைத் தாண்டி உள்ளே விழும். இப்போது ஊசியைச் செங்குத்தாகக் குத்துங்கள். வளையத்துக்கு அடியில் இருக்கும் இடக்கை விரல்நுனி ஊசிமுனையை உணர்ந்தவுடன், திம்பிள் என்னும் விரலுறை மாட்டிய நடுவிரலால் ஊசியின் பின்முனையைப் படுக்கச் சாய்த்து, அடிவிரலால் துணியை மேல்நோக்கித் தள்ளுங்கள். வலது கட்டைவிரல் முன்னே துணியை அழுத்தட்டும். முனை மேலே எட்டிப் பார்த்ததும் மறுபடி நிமிர்த்திக் குத்துங்கள். இப்படி மூன்று நான்கு தையல்களை ஊசியில் ஏற்றிக்கொண்டு ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். தொட்டில் ஆடுவது போன்ற அசைவு இது. இரண்டு மூன்று நாளில் பிடிபடும்.

தேர்ந்த கைகள் அங்குலத்துக்கு 10 தையலும் அதற்கு மேலும் போடும். நீங்கள் 5, 6 போட்டாலே போதும். தையல்கள் ஒரே நீளமாக இருப்பதும், மேலே தெரியும் நீளமும் இடைவெளியும் சமமாக இருப்பதும்தான் அழகு. ஒவ்வொரு சில அங்குலத்துக்கும் அடியில் தடவிப் பாருங்கள். மேலே அழகாக இருக்கும் தையல் சில சமயம் அடித்துணியைத் தொட்டிருக்கவே செய்யாது. நூலை இழுத்தால் துணியில் சிறு குழி விழ வேண்டும். சுற்றிலும் சுருக்கம் விழுந்தால் இழுப்பு அதிகம்.

நூல் முடியப்போகும்போது துணிக்கு மிக அருகில் முடிச்சிட்டு, கடைசித் துளைக்கு அருகில் குத்தி முடிச்சை உள்ளே இழுத்து, ஒரு அங்குலம் பஞ்சுக்குள் ஓடவிட்டு வெட்டுங்கள். அறுகோணம் விட்டு அறுகோணம் போகவும் இப்படியே பஞ்சுக்குள் பயணிக்கலாம். அடித்துணியின்மேல் நூல் தாவக் கூடாது, கால்விரல் மாட்டும்.

எங்கே தொடங்குவது? நடுப்பூவில். அதிலிருந்து சுற்றிச்சுற்றி வெளியே. தைக்கும்போது துணியில் சேரும் தளர்ச்சியை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டே போவதுதான் இதன் நோக்கம். விளிம்பிலிருந்து உள்ளே வந்தால் தளர்ச்சி முழுவதும் நடுவில் மாட்டி மடிப்பாகும். கர்நாடகத்தின் எல்லாப்பூர் பக்கத்துச் சித்தி சமூகப் பெண்கள் கவந்தி என்னும் போர்வையை விளிம்பில் தொடங்கி நடுநோக்கித்தான் தைக்கிறார்கள், அற்புதமாக வருகிறது. அவர்கள் துண்டுகளை முன்பே இணைப்பதில்லை. தைத்துக்கொண்டே ஒவ்வொன்றாக வைப்பதால் தளர்ச்சி அந்தந்தத் துண்டிலேயே அடங்கிவிடுகிறது. இணைத்து முடித்த மேல்துணிக்கு அந்த வசதி இல்லை.

கில்ட்டின் வரைபடத்தைத் தாளில் போட்டு, முடித்த பூவுக்கு நிறம் தீட்டுங்கள். 146இல் எத்தனை என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் நான்கு மாத வேலையும் கில்ட்டின் பரப்பில் காணாமல் போனதாகத் தோன்றும். ஒவ்வொரு நாளும் எழும்முன் வளையத்தைக் கழற்றுங்கள். மாட்டியே விட்டால் வட்டத் தடமும் அழுக்கும் படியும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தோளைச் சுழற்றுங்கள், கில்ட்டின் பாரத்தை மேசைமேல் சாய்த்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு வலி வந்தால் அது மறையும்வரை ஊசியைத் தொடாதீர்கள். அடிவிரலில் குத்துப்பட்டுத் துணியில் இரத்தம் பட்டால் காயும்முன் குளிர்ந்த நீரில் ஒற்றி எடுங்கள்; வெந்நீர் கறையை இறுக்கிவிடும்.

பாதியில் அடித்துணியில் மடிப்பைக் கண்டால் அதைச் சுற்றி ஒரு கையகலம் வரை தையலைப் பிரித்து, தளர்ச்சியை இன்னும் தைக்காத பக்கம் நோக்கித் தடவிவிட்டு மறுபடி தையுங்கள். விளிம்புக்கு வரும்போது வளையம் பிடிக்கத் துணி போதாது. பழைய துண்டு ஒன்றை ஓரத்தில் தற்காலிகமாக ஓட்டிக்கொண்டால் வளையம் முழுதாக உட்காரும்.

சதுரம் பார்த்து ஓரப்பட்டி

எல்லாத் தையலும் முடிந்தபின் மறுபடி டைல்ஸ் தரையில் விரியுங்கள். 90 அங்குலம் 88 ஆகியிருந்தால் திகைக்க வேண்டாம். நெருக்கமான தையல் உள்ளிழுக்கும் இயல்பு அது. மூலைவிட்டம் இரண்டையும் அளங்கள். அரை அங்குலத்துக்குள் வேறுபாடு இருந்தால் நல்லது. வெட்டவேண்டிய கோட்டுக்குச் சற்று உள்ளே, மூன்றடுக்கையும் சேர்த்துச் சுற்றிலும் ஒரு நூலோட்டம் கொடுத்துவிட்டே கத்தரிக்கோலை எடுங்கள். இந்த ஓட்டம் இல்லாமல் வெட்டினால் அடுக்குகள் ஒன்றுக்கொன்று வழுக்கும்.

பட்டியை 2½ அங்குல அகலத்தில் நேர்நூலில் வெட்டுங்கள். நேரான விளிம்புக்குக் கிராஸ் தேவையில்லை. சுற்றளவு 380 அங்குலம். மூலைக்கும் இணைப்புக்கும் 12 சேர்த்து 392. 42 அங்குலத் துணியில் பத்துப் பட்டிகள். முக்கால் மீட்டர் வாங்கினால் போதும். பட்டிகளைச் சாய்வாக இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். கில்ட்டின் மேல்பக்கத்தில், ஒரு பக்கத்தின் நடுவில், 8 அங்குல வாலை விட்டுவிட்டுக் கால் அங்குலப் பிடிப்பில் தைக்கத் தொடங்குங்கள். மூலைக்குக் கால் அங்குலம் முன்பே நிறுத்தி, பட்டியை மேல்நோக்கிச் சாய்வாக மடித்து, மறுபடி கீழே மடித்து அடுத்த பக்கத்தை விளிம்பிலிருந்து தொடருங்கள். கால் அங்குலம் தாண்டித் தைத்துவிட்டால் மூலை மடியாது, மொண்ணையாகும். கடைசியில் இரண்டு வாலும் 2½ அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று வருமாறு வெட்டிச் சாய்வாக இணையுங்கள். பட்டியைப் பின்னுக்குத் திருப்பி எம்மிங் போடும்போது தையல்கள் அரைக்கால் அங்குலத்துக்கு மேல் விலகக் கூடாது. போர்வையில் முதலில் தேய்வது ஓரம்தான்.

அலசி உலர்த்துதல்

நூலோட்டத்தைப் பிரித்தெடுத்த பின் நீலப் பேனாக் கோடு இருந்தால் முதலில் வெறும் குளிர்ந்த நீரில் ஊறவையுங்கள், சோப்பு பிறகு. பெரிய தொட்டியில் பழைய விரிப்பு ஒன்றைப் போட்டு அதன்மேல் கில்ட்டை வைத்தால், ஈரக் கில்ட்டை ஏணையில் தூக்குவது போல விரிப்போடு தூக்கலாம். ஈரக் கில்ட்டின் மூலையைப் பிடித்துத் தூக்கினாலோ கொடியில் போட்டாலோ நீரின் பாரம் முழுவதும் தையலில் இறங்கி நூல் அறும். சாயம் இறங்கியது தெரிந்தால் காயவிடக் கூடாது. காய்ந்தால் கறை பிடித்துக்கொள்ளும். அது முழுவதும் மூழ்கும் அளவு வெந்நீரும் சோப்பும் சேர்த்து 12 மணி நேரம் ஊறவைத்து, நீர் தெளியும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

மொட்டைமாடியில் விரிப்பின்மேல் நிழலில் பரப்பி, காக்கை எச்சத்துக்குப் பயந்து இன்னொரு மெல்லிய துணியால் மூடுங்கள். பருத்திப் பஞ்சு காய முழுநாள் ஆகும். மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம். பின்பக்க மூலையில் பெயரும் ஆண்டும் எழுதிய சிறு துணித்துண்டைத் தைத்து வையுங்கள். கஞ்சி போடாமல் வையுங்கள், இராமபாணப் பூச்சி கஞ்சியைத் தேடி வரும். பாலித்தீன் பையில் அடைக்காமல் பழைய வேட்டியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் காற்றாட விரித்து, மடிப்பு வேறு இடத்தில் விழும்படி மாற்றி மடியுங்கள்.